மருத்துவக் கல்லூரியில் வகுப்புப் பிரதிநிதியாக நிற்கலாமா?



மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பது இப்போது நம் ஊரில் பல வீடுகளுக்குத் தெரியும். நீட் பயிற்சி, சாதிச் சான்றிதழ், கலந்தாய்வு, விடுதிக் கட்டணம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். இடம் கிடைத்த பிறகு அந்த ஐந்தரை ஆண்டுகளில் பிள்ளை அங்கே எப்படி வாழ்கிறது என்பதைப் பற்றித்தான் பேச்சே இருப்பதில்லை. சென்ற மாதம் அறக்கட்டளைக்கு வந்த ஓர் அத்தா, "மகள் கிளாஸ் ரெப் எலெக்ஷனில் நிற்கப் போறாளாம். படிக்கப் போன இடத்துல இதெல்லாம் தேவையா? வேணாம்னு சொல்லிடவா?" என்று கேட்டார். இதே கேள்வி வேறு இரண்டு வீடுகளிலிருந்தும் வந்திருக்கிறது. எனவே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதலில், இது அரசியல் தேர்தல் அல்ல. ஒவ்வோர் ஆண்டு வகுப்புக்கும் பிரதிநிதிகள் இருப்பார்கள். பெரும்பாலும் மாணவர் ஒருவர், மாணவி ஒருவர். சில கல்லூரிகளில் வாக்குச் சீட்டு உண்டு. சில இடங்களில் கையை உயர்த்தச் சொல்லி எண்ணிவிடுவார்கள். சில இடங்களில் பேராசிரியரே ஒருவரைக் குறிப்பிட்டுவிடுவார். பேரவைத் தலைவர், கலைச் செயலாளர் போன்ற பதவிகள் வேறு. அவை விழா, விளையாட்டு, கொண்டாட்டம் சார்ந்தவை. நாம் இங்கே பேசுவது படிப்பு சார்ந்த பிரதிநிதித்துவத்தைப் பற்றி மட்டுமே.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. திண்டுக்கல் அவற்றில் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள். செம்பட்டி வழியாகவோ சின்னாளபட்டி வழியாகவோ பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. அதற்கு முன் நம் பிள்ளைகளுக்கு மதுரை அல்லது தேனிதான் பக்கம். புதிய கல்லூரிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மூத்த கல்லூரிகளில் எந்தத் தேர்வு எப்போது வரும், எந்த வார்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்பதைச் சீனியர்கள் வழிவழியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். புதிய இடத்தில் அந்த வழக்கமே இனிமேல்தான் உருவாக வேண்டும். அதை உருவாக்குவதில் வகுப்புப் பிரதிநிதிக்குப் பங்கு அதிகம்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். வாத்தியார் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும், பேசியவன் பெயரை எழுதிக் கொடுப்பதும் அவன் வேலை. எழும்பூரில் இருந்த அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையைக் கையாண்டு பார்த்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். நம் மதரஸாக்களின் பழைய வரலாற்றிலும் 'முஈத்' என்றொருவர் உண்டு. உஸ்தாத் சொன்ன பாடத்தை மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து மீண்டும் ஓதி விளக்குபவர். இந்த இருவருமே ஆசிரியரின் ஆட்கள். மேலிருந்து கீழே கொண்டு வருவதுதான் அவர்கள் வேலை. வகுப்புப் பிரதிநிதி கீழே உள்ளதை மேலேயும் கொண்டு போக வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இந்த வேறுபாடு புரியாமல் சட்டாம்பிள்ளையாக மட்டும் இருந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பைப் போடுவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

மேலே கொண்டு போக அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. மருத்துவப் படிப்பில் பாட வகுப்புக்கு 75 சதவீதமும், செய்முறைக்கும் வார்டுக்கும் 80 சதவீதமும் வருகை இருந்தால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியும். அதோடு கல்லூரிக்குள் நடக்கும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் எழுத்து, செய்முறை ஒவ்வொன்றிலும் 40 சதவீதத்துக்குக் குறையாமலும், இரண்டும் சேர்த்து 50 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். முதலாண்டுத் தேர்வை நான்கு முயற்சிகளுக்குள் முடித்தாக வேண்டும். மொத்தப் படிப்பையும் சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். இவை தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள். டீனே நினைத்தாலும் தளர்த்த முடியாது.

ஆனால் இந்த விதிகளுக்குள் நடக்கும் அன்றாட ஏற்பாடுகள் கல்லூரியின் கையில் இருப்பவை. உடற்கூறியல் தேர்வும் உயிர்வேதியியல் தேர்வும் ஒரே வாரத்தில் வருகின்றனவா, வருகைப் பதிவில் விடுபட்ட பெயரைத் திருத்த யாரிடம் போவது, லாக் புக்கில் கையெழுத்து வாங்க எந்தக் கிழமை, வார்டு பணிக்கு 30 பேரை ஒன்றாக அனுப்பினால் நோயாளியைச் சுற்றி முன்வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கு மட்டும்தானே காதில் விழும் என்பன போன்றவை. ஒரு மாணவன் தனியாகப் போய்ச் சொன்னால் அது அவனுடைய புலம்பலாகத் தெரியும். பிரதிநிதி போய்ச் சொன்னால் அது வகுப்பின் தேவை.

2019 முதல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் இதை இன்னும் முக்கியமாக்கியிருக்கிறது. முன்பு போல் ஆண்டிறுதியில் ஒரே மூச்சில் படித்துத் தேறிவிட முடியாது. ஒவ்வொரு திறனையும் செய்து காட்டி, அவ்வப்போது சான்று வாங்க வேண்டும். எதைக் கற்க வாய்ப்புக் கிடைத்தது, எதைக் கற்க வாய்ப்பே கிடைக்கவில்லை என்பது மாணவருக்குத்தான் தெரியும். உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் தர நெறிகள், மாணவர் பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. நம் தேசிய மருத்துவ ஆணையம் அந்தக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தை 2023இல் பத்து ஆண்டுகளுக்குப் பெற்றிருக்கிறது. ஆகவே பேராசிரியர் முன் போய் நின்று மாணவர் தரப்பைச் சொல்வதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ண வேண்டியதில்லை. அதற்கு ஓர் இடம் இருக்கிறது.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருப்பதாகவே நினைக்கிறோம். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்கிறது. அந்த வழியில் போகும் பிள்ளைகளில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். முதல் மாதத்தில் அறிமுகப் பயிற்சியின்போது ஆங்கிலப் பயிற்சியும் உண்டு என்றாலும், அது எத்தனை நாளைக்குப் போதும்? பேராசிரியர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளையை நாம் அறிவோம். விடுதியில் இரவு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக அகராதியில் பார்க்கும் பிள்ளையையும் அறிவோம். இப்படிப்பட்டவர்களின் சிரமம் துறைத் தலைவர் வரை போவதே இல்லை. ஏனென்றால் பிரதிநிதியாக வருபவர் பெரும்பாலும் சரளமாக ஆங்கிலம் பேசும் பள்ளிகளிலிருந்து வந்தவர். அவர் கெட்டவர் அல்ல, அவருக்கு அந்தச் சிரமம் தெரியாது, அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் படித்துப் போன பிள்ளை ஒன்று பிரதிநிதியானால், "சார், முக்கியமான சொற்களைப் பலகையில் எழுதிவிட்டுப் பாடம் தொடங்க முடியுமா?" என்று ஒரே ஒரு கோரிக்கை வைத்தாலே எத்தனையோ பேருக்கு வழி பிறக்கும்.

சரி, எப்போது நிற்பது? முதலாண்டின் முதல் வாரங்களிலேயே சில கல்லூரிகளில் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அப்போது யாருக்கும் யாரையும் தெரியாது. முதலில் சிரித்துப் பேசியவருக்கு வாக்கு விழும். அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடியட்டும். மதிப்பெண் கைக்கு வந்து, படிப்பு பிடிபட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு நிற்கலாம். இரண்டாம் ஆண்டு இன்னும் பொருத்தம். வார்டு பணி தொடங்கி, பிரதிநிதிக்கு உண்மையான வேலை அப்போதுதான் வரும். அரியர் இருக்கும் பிள்ளை நிற்கவே வேண்டாம். இதை நாமாகச் சொல்லவில்லை. லிங்டோ குழுவே சொல்கிறது.

அந்தக் குழுவைப் பற்றிப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. கல்லூரித் தேர்தல்களில் பணமும் அடிதடியும் பெருகிய நிலையில், கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த 2006 செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதை மட்டும், அதற்கென ஒதுக்கிய இடத்தில் ஒட்டலாம். போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. குறைந்தபட்ச வருகை இருக்க வேண்டும். குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். இவை மாணவர் பேரவைத் தேர்தலுக்காக எழுதப்பட்டவை. ஒரு வகுப்புக்குள் கைதூக்கிச் செய்யும் தேர்வுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாமல் போகலாம். ஆனாலும் இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை தவறான வழியில் போகாது.

அதே பரிந்துரைகளில் ஒன்றை மட்டும் நம் மஹல்லா மக்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சாதி, மத உணர்வைத் தூண்டி வாக்குக் கேட்கக் கூடாது. கல்லூரிக்கு உள்ளேயோ வெளியேயோ உள்ள வழிபாட்டுத் தலங்களைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. "நம்ம புள்ள நிக்குது, அங்கே படிக்கிற நம்ம ஆளுகளுக்குச் சொல்லி விடுங்க" என்று ஜமாஅத்தில் வந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாசத்தில் கேட்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். 150 இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போனால் மீதம் 127 அல்லது 128. அதில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதம் என்பது நான்கு அல்லது ஐந்து இடம். பொதுப் போட்டியில் வந்தவர்களைச் சேர்த்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரை வைத்து வெல்ல முடியாது என்பது ஒரு பக்கம். அப்படி ஒரு குழுவாக நின்று கேட்டார்கள் என்ற பெயர் வந்துவிட்டால், மீதி 140 பேரிடமும் அந்தப் பிள்ளை ஐந்து ஆண்டுகளுக்கு அந்நியமாகிவிடும் என்பது அதைவிடப் பெரியது. பள்ளிவாசல் அறிவிப்பிலோ ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவிலோ இதைப் பற்றி ஒரு சொல்லும் வர வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

வாக்குக் கேட்கும் முறை மிக எளிது. எல்லோரோடும் பழக வேண்டும். தன்னோடு பேசாத, கடைசி பெஞ்சில் உட்காரும், வெளிமாநிலத்திலிருந்து வந்து தமிழ் தெரியாமல் தவிக்கும் மாணவரிடமும் போய், "உனக்கு இங்கே எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இருபது பேரிடம் கேட்டால் போதும். ஒரே குறை பலர் வாயிலிருந்து வரும். வகுப்பின் முன் இரண்டு நிமிடம் பேசச் சொன்னால், அந்தக் குறைகளில் இரண்டையோ மூன்றையோ சொல்லி, அதற்கு என்ன செய்ய முயல்வேன் என்று சொன்னால் போதும். 'வருகையைப் பார்த்துக்கொள்கிறேன்', 'தேர்வைத் தள்ளிவைத்துத் தருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. முதலாவது பொய்ப் பதிவுக்கு வழி. இரண்டாவது தன் கையில் இல்லாதது. மற்ற வேட்பாளரைப் பற்றி ஒரு குறையும் பேசக் கூடாது. தேர்தல் முடிந்த மறுநாளே இரண்டு பேரும் ஒரே சடலத்தின் முன் உட்கார்ந்து உடற்கூறியல் படிக்க வேண்டியவர்கள்.

"பதவியைக் கேட்டு வாங்கக் கூடாது என்று மார்க்கத்தில் இருக்கிறதே" என்று சில பெரியவர்கள் தயங்குகிறார்கள். நல்ல தயக்கம்தான். ஆனால் பஞ்சம் வரப்போவதை அறிந்து, தானியக் களஞ்சியப் பொறுப்பைத் தன்னிடம் தரும்படி யூஸுஃப் நபி (அலை) மன்னரிடம் கேட்டதையும் நாம் அறிவோம். பெருமைக்காகத் தேடுவது வேறு; தன்னால் செய்ய முடிந்த, பிறருக்குத் தேவையான வேலைக்கு முன்வருவது வேறு. இதற்கு மேலும் ஐயம் உள்ளவர்கள் நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

பெண் பிள்ளைகள் நிற்பதில்தான் வீட்டில் தடை அதிகம். பேராசிரியர் அறைக்குப் போக வேண்டி வரும், ஆண் பிள்ளைகளோடு பேச வேண்டி வரும் என்பது அச்சம். மருத்துவராகப் போகிற பிள்ளை இவற்றையெல்லாம் எப்படியும் செய்தே ஆக வேண்டும். பல கல்லூரிகளில் மாணவியருக்கென ஒரு பிரதிநிதி இருப்பதால், விடுதி, இரவு வார்டுப் பணி, பாதுகாப்பு போன்றவற்றைப் பேச ஒரு மாணவி அவசியம். பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது இன்னொரு தோழியையும் கூட்டிக்கொண்டு போகலாம். அது நல்ல பழக்கமும்கூட. பின்னால் 'அவள் அப்படிச் சொன்னாள்' என்ற பேச்சு வந்தால் சாட்சி இருக்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு வேலை செய்யும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. குறையை வாய்மொழியாகச் சொல்வதைவிட ஒரு பக்கக் கடிதமாகக் கொடுப்பது நல்லது. அதில் எத்தனை பேருக்கு இந்தச் சிரமம், எந்தத் தேதியிலிருந்து, இதற்கு எங்கள் யோசனை என்ன என்ற மூன்றும் இருக்க வேண்டும். யோசனை இல்லாத குறையைக் கேட்கப் பேராசிரியர்களுக்கு நேரம் இருக்காது. காலையில் புறநோயாளிகள் வரிசை, பிறகு வார்டு, அறுவை அரங்கு, பிற்பகல் வகுப்பு என்று ஓடுபவர்கள் அவர்கள். முதலில் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர், பிறகு துறைத் தலைவர், பிறகு துணை முதல்வர், கடைசியாக டீன் என்ற வரிசையைத் தாண்டக் கூடாது. எடுத்த எடுப்பில் டீன் அறைக்குப் போன பிரதிநிதியை அந்தத் துறை ஆண்டு முழுதும் மறக்காது.

பெருநாள் பற்றியும் ஒரு வார்த்தை. நோன்புப் பெருநாள் அன்றோ மறுநாளோ உள்மதிப்பீட்டுத் தேர்வு வந்துவிட்டது என்று பிள்ளைகள் கடைசி நேரத்தில் வந்து வருந்துகிறார்கள். பிறை பார்த்து முடிவாகும் நாள் என்பது அட்டவணை போடுகிறவருக்குத் தோன்றாமல் போகலாம். பிரதிநிதி ஆண்டின் தொடக்கத்திலேயே, உத்தேசத் தேதியையும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாளையும் விட்டுத் தேர்வு வைக்குமாறு எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் அப்படியே. மதியச் செய்முறை வகுப்பு அரைமணி தள்ளித் தொடங்கினால் தீர்ந்துவிடும். ஆனால் நம் பிள்ளை பிரதிநிதியானால் இதை மட்டும் பேசிவிட்டு வரக் கூடாது. பொங்கலுக்குத் தூரத்து ஊருக்குப் போகிறவரின் பஸ், கிறிஸ்துமஸுக்குக் கன்னியாகுமரிக்குப் போகிறவரின் ரயில், எல்லாமே அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

ராகிங் விஷயத்தில் பிரதிநிதி கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. சிதம்பரத்தில் மருத்துவ முதலாண்டு மாணவர் நாவரசு 1996இல் கொலை செய்யப்பட்டதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி ராகிங் தடுப்புக் குழுவில் புதிய மாணவர், மூத்த மாணவர் இரு தரப்புப் பிரதிநிதிகளும் பெற்றோரும் இடம்பெற வேண்டும். நாடு முழுவதற்குமான உதவி எண் 1800-180-5522. இதை வீட்டில் எழுதி வையுங்கள்.

மனச்சோர்வும் அப்படித்தான். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கணக்கெடுப்பில் பதிலளித்த 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகத் தாங்களே தெரிவித்திருக்கிறார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல். மூன்று நாளாக வகுப்புக்கு வராத, மெஸ்ஸுக்கும் வராத மாணவனை முதலில் கவனிக்க வேண்டியவர் பிரதிநிதி. சிகிச்சை தருவது அவர் வேலை அல்ல. அறைக் கதவைத் தட்டிப் பார்ப்பதும், பொறுப்பு ஆசிரியருக்கோ வார்டனுக்கோ அன்றே சொல்வதும்தான்.

பணம் வசூலிக்கும் வேலையும் பிரதிநிதி தலையில் விழும். நகல் எடுக்க, வழியனுப்பு விழா நடத்த, வகுப்புச் சட்டை அடிக்க என்று ஆளுக்கு நூறு, இருநூறு சேரும். 150 பேர் ஆளுக்கு 200 கொடுத்தால் 30,000 ரூபாய். பத்தொன்பது வயதுப் பிள்ளை கையில் அது பெரிய தொகை. தன் கணக்கில் தன் பணத்தோடு அதைக் கலக்கக் கூடாது. இன்னொருவரைப் பொருளாளராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வாங்கி, மாதம் ஒருமுறை வகுப்புக் குழுவில் கணக்கைப் போட்டுவிட வேண்டும். அமானிதம் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு மக்தபிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

மகளை நிற்கச் சொல்லலாமா என்று கேட்ட அந்தச் சகோதரருக்கு நாம் சொன்னது, மதிப்பெண் பட்டியலை முதலில் பாருங்கள் என்பதுதான். எல்லாப் பாடமும் தேறியிருந்தால், வருகை குறையாமல் இருந்தால், தடுக்காதீர்கள். தோற்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார். தோற்றால் பழைய வேலையே மிச்சம் இருக்கிறது; வாக்குக் கேட்கப் போனபோது குறித்து வைத்த குறைகளை வென்றவரிடம் கொடுத்துவிட்டு வந்து படிக்கலாம்.

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகள், கோரிக்கைக் கடிதம் எழுதவோ கணக்கேடு வைக்கவோ உதவி தேவைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். சகோதரிகள் தம் தாயாரையோ அத்தாவையோ அழைத்து வரலாம். கல்லூரியின் பெயரைச் சொல்லி யாரையும் குறை கூற வர வேண்டாம். தேதியும் தாளும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.